மெதுவான பாட்டுக்குக் கிட்டார் அடிப்பது எப்படி?



கலியாண வீட்டிலும் சரி, சம்பளம் போட்ட அந்தியில் லயத்து இஸ்தோப்பிலும் சரி, கையில் கிட்டார் கிடைத்தால் நம் தம்பிமார் முதலில் அடிப்பது பைலாதான். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பிரபலமான 1970களில் இருந்து இதுதான் வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சுற்றி நிற்பவர்கள் கைதட்டி ஆடத் தொடங்கிவிட்டால் அடிப்பவரின் பிழை யாருக்கும் கேட்காது. ஆனால் ஒரு மெதுவான பாட்டை எடுத்துப் பாருங்கள். மறைந்திருந்த பிழை எல்லாம் வெளியே வந்து நிற்கும். வேகமான பாட்டுத்தான் கஷ்டம், மெதுவானது லேசு என்று நினைப்பவர்கள் ஒரு தரம் அடித்துப் பார்த்தால் போதும்.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் லயத்தில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒன்று என்னைத் தேடி வந்தது. தாய் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது தாய் பாடிய தாலாட்டை, இந்தப் பிள்ளை தன் தம்பிக்குப் பாடிப் பாடி நன்றாகவே பழகிவிட்டது. அதைப் போனில் பதிந்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். "மாமா, நீங்க கிட்டார் அடிங்க, நான் பாடுறேன்" என்றது.

நானும் பெரிய வித்துவான் மாதிரி உட்கார்ந்தேன். முதல் வரி போனது. இரண்டாவது வரியில் என் கை முன்னால் ஓடத் தொடங்கியது. பிள்ளை என்னைப் பிடிக்க ஓடியது. மூன்றாவது வரியில் அதற்கு மூச்சு வாங்கியது, நடுவில் நிறுத்திவிட்டது. "நான் பிழையா பாடிட்டேனா மாமா?" என்று கேட்டது. பிழை என் கையில். இருபது வருஷம் பைலா அடித்த கை, இடைவெளி கண்ட இடமெல்லாம் அடியைப் போட்டு நிரப்பிவிட்டது. பிள்ளை மூச்சு எடுக்க இடமே இல்லை.

அதன் பிறகு நான் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய சங்கீதம் ஒன்றும் இல்லை. மூன்று நான்கு அடி முறைகள், அவ்வளவுதான்.

முதலில் சுருதி

கிட்டாரில் ஆறு கம்பி. மிக மெல்லியது முதலாம் கம்பி, மிகத் தடித்தது ஆறாம் கம்பி. முதலாம் கம்பியில் இருந்து எண்ணினால் ஈ, பி, ஜி, டி, ஏ, ஈ என்பது அவற்றின் சுரம். கழுத்தில் குறுக்காகப் பதித்திருக்கும் உலோகப் பட்டிகளுக்கு இடையில் உள்ள இடத்தைக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் கம்பியை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தினால் வரும் சத்தமும், ஐந்தாம் கம்பியை அழுத்தாமல் தட்டினால் வரும் சத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படியே ஐந்தாம் கம்பியை வைத்து நான்காவதையும், நான்காவதை வைத்து மூன்றாவதையும் கூட்டலாம். மூன்றாவதை வைத்து இரண்டாவதைக் கூட்டும்போது மட்டும் நான்காம் கட்டம். பிறகு இரண்டாவதை வைத்து முதலாவதற்குத் திரும்பவும் ஐந்தாம் கட்டம். இப்போது போனிலேயே சுருதி பார்க்கும் வசதி இருக்கிறது. இருந்தாலும் காதால் கூட்டப் பழகியவருக்குப் போனில் சார்ஜ் இல்லாவிட்டாலும் பயமில்லை.

மெதுவான பாட்டில் ஒவ்வொரு அடியும் நெடுநேரம் ஒலிக்கும். ஆகவே சுருதி கொஞ்சம் விலகினாலும் எல்லோருக்கும் கேட்கும். பைலாவில் தப்பிக்கலாம், இதில் முடியாது.

இடது கைக்கு இரண்டு கோர்ட் போதும்

ஆரம்பத்தில் ஈ மைனர், ஏ மைனர் இரண்டையும் மட்டும் எடுங்கள். ஈ மைனருக்கு ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி இரண்டையும் இரண்டாம் கட்டத்தில் அழுத்தி ஆறு கம்பியையும் அடிக்கலாம். ஏ மைனருக்கு நான்காம், மூன்றாம் கம்பிகளை இரண்டாம் கட்டத்திலும், இரண்டாம் கம்பியை முதலாம் கட்டத்திலும் அழுத்தி, ஆறாவதை விட்டு மற்ற ஐந்தையும் அடிக்க வேண்டும். இவை பழகிய பிறகு ஜி, சி, டி மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விரல் நுனி வலிக்கத்தான் செய்யும். ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் அழுத்துவதை விட, வேலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு பதினைந்து நிமிஷம் என்று தினமும் பழகுவதுதான் பலன் தரும். பனிக்காலத்தில் விரல் வெடித்திருந்தால் ஆறும் வரை கம்பியைத் தொடாதீர்கள். கிட்டார் பையன்மாருக்கு மட்டும் என்று சிலர் சொல்வது சும்மா பேச்சு. நிறையில் நின்று நாள் முழுக்க ஒரே சீராகக் கொழுந்து எடுக்கிற கைக்கு இந்தப் பாடம் சீக்கிரம் வரும் என்பது என் அபிப்பிராயம்.

வலது கைதான் பாடம்

ஆறாம் கம்பியில் இருந்து முதலாம் கம்பி வரை, நிலத்தைப் பார்த்து அடிப்பது கீழடி. திரும்பி வரும்போது அடிப்பது மேலடி. மேலடிக்கு ஆறு கம்பியும் தேவையில்லை, மெல்லிய மூன்று கம்பியில் பட்டால் போதும். அடிக்கிற வேகம் முழங்கையில் இருந்து வரட்டும், மணிக்கட்டு தளர்வாக இருக்கட்டும். கடையில் வாங்கிய பிக் இல்லாவிட்டால் மாஜரின் டப்பா மூடியை முக்கோணமாக வெட்டிக்கொள்ளலாம். தாலாட்டு மாதிரிப் பாட்டுக்கு பிக்கே வேண்டாம், வெறும் பெருவிரலின் சதையால் தடவினால் சத்தம் இதமாக வரும்.

இனி எண்ணிக்கை. பெட்டரி போட்ட சுவர் மணிக்கூட்டின் 'டிக்' சத்தம் நிமிஷத்துக்கு 60 தரம் கேட்கும். மெதுவான பாட்டுகள் பலவும் 60க்கும் 80க்கும் இடையில் ஓடுபவை. ஆகவே மணிக்கூட்டுக்குக் கீழே உட்கார்ந்து பழகுவது நல்ல வழி. ஒரு டிக்குக்கு ஓர் எண்.

முதலாவது முறை:

ஒண்ணு (கீழடி) – ரெண்டு – மூணு – நாலு

ஒன்றில் மட்டும் ஓர் அடி. பிறகு மூன்று டிக்குக்குக் கையை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். "இது என்ன பாடம்?" என்று சிரிக்காதீர்கள். அடித்துப் பாருங்கள், நான்காவது டிக்குக்கு முன்னாலேயே கை துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்குவதுதான் முழுப் பாடமும். நான்கு டிக் ஈ மைனர், அடுத்த நான்கு டிக் ஏ மைனர் என்று மாற்றி மாற்றி ஒரு வாரம் இதையே பழகுங்கள். அடி ஒன்றுதான் என்பதால் இடது கை அடுத்த கோர்ட்டுக்குப் போக நிறைய நேரம் கிடைக்கும்.

இரண்டாவது முறையில் நான்கு எண்ணுக்கும் நான்கு கீழடி. ஒன்று மட்டும் கொஞ்சம் அழுத்தம், மற்ற மூன்றும் மெல்லிசு. நான்கும் ஒரே பலத்தில் விழுந்தால் கல்லுடைக்கிற சத்தமாகிவிடும்.

மூன்றாவது முறைக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஓர் 'உம்' சேருங்கள். ஒண்ணு உம் ரெண்டு உம் மூணு உம் நாலு உம். எண் சொல்லும்போது கை கீழே, 'உம்' சொல்லும்போது கை மேலே. இதில் எல்லாவற்றிலும் அடிக்கக்கூடாது:

ஒண்ணு (கீழடி) – உம் (சும்மா) – ரெண்டு (கீழடி) – உம் (மேலடி) – மூணு (கீழடி) – உம் (சும்மா) – நாலு (கீழடி) – உம் (மேலடி)

'சும்மா' என்ற இடத்தில் கை நிற்கக்கூடாது. கம்பியில் படாமல் காற்றில் மேலே போக வேண்டும். கை ஊஞ்சல் மாதிரி எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், சில தரம் கம்பியில் படும், சில தரம் படாது. புதிதாகப் பழகுகிறவர்களில் அநேகர் பிழைவிடுவது இங்கேதான். அடி இல்லாத இடத்தில் கையையும் நிறுத்திவிடுவார்கள், அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பது தவறிப்போகும்.

இது கைக்கு வந்த பிறகு, மூன்றாம் எண்ணின் கீழடியையும் எடுத்துவிட்டு, அதன் 'உம்'மில் ஒரு மேலடி போடுங்கள். அதாவது:

ஒண்ணு (கீழடி) – உம் (சும்மா) – ரெண்டு (கீழடி) – உம் (மேலடி) – மூணு (சும்மா) – உம் (மேலடி) – நாலு (கீழடி) – உம் (மேலடி)

சினிமாப் பாட்டு, சிங்களப் பாட்டு, கோயில் பஜனை, தேவாலயப் பாட்டு என்று எத்தனையோ மெதுவான பாட்டுக்கு இந்த ஒரு முறையே போதும். மூன்றில் அடி விழாததால் பாட்டு தரையில் இருந்து கொஞ்சம் எழும்பி மிதக்கிற மாதிரி இருக்கும்.

கோர்ட் மாற்ற நேரம் போதவில்லையா? கடைசி 'உம்'மின் மேலடிக்கு இடது கையைக் கம்பியில் இருந்து எடுத்துவிடலாம். வெறும் கம்பி ஒலிப்பது அந்த அரை நொடியில் காதுக்குத் தெரியாது. வலது கையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். கோர்ட் பிந்தி வந்தால் பாடுகிறவர் சமாளிப்பார், அடி பிந்தினால் அவருக்கு வழியே இல்லை.

தொட்டில் நடை

எல்லாப் பாட்டும் நான்கில் ஓடுவதில்லை. பாட்டை வாய்க்குள் பாடிக்கொண்டே தொடையில் தட்டி, தகதிமி தகதிமி என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் நான்கு. இடறினால் தகிட தகிட என்று சொல்லுங்கள். அதில் விழுந்தால் மூன்றின் நடை. தாலாட்டுகள் பல இந்த மூன்றின் நடையில் வருபவை. அந்தப் பிள்ளையின் பாட்டும் அதுதான். நான் முதல் நாள் அதை நான்கிலே அடித்திருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றின் நடைக்கு ஆறு வரை எண்ணுங்கள். முதலில் ஆறுக்கும் ஆறு கீழடி, ஒன்றிலும் நான்கிலும் அழுத்தம். பிறகு இரண்டையும் ஐந்தையும் எடுத்துவிடுங்கள்:

ஒண்ணு (கீழடி) – ரெண்டு (சும்மா) – மூணு (மேலடி) – நாலு (கீழடி) – அஞ்சு (சும்மா) – ஆறு (மேலடி)

நெடில், குறில், நெடில், குறில் என்று வரும். தொட்டில் போய் வருகிற ஆட்டம் இதுதான். ஒன்றில் தொட்டில் போகிறது, நான்கில் திரும்புகிறது. சந்தேகம் வந்தால், பிள்ளைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டு இருக்கும் ஆச்சியின் கையைப் பார்த்துக்கொண்டே எண்ணுங்கள். மணிக்கூட்டின் ஒரு டிக்கில் ஒன்று, அடுத்த டிக்கில் நான்கு என்று விழுந்தால் வேகம் சரி.

எச்சரிக்கை ஒன்று. பைலாவும் இந்த ஆறின் எண்ணிக்கையில் ஓடுவதுதான். 'பைலா' என்ற சொல்லே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. ஆகவே பைலா பழகிய கை இந்த அடியைப் பிடித்த உடனே வேகம் ஏறும். தாலாட்டைக் கேட்டுத் தூங்க வேண்டிய பிள்ளை எழும்பி ஆடத் தொடங்கிவிடும். வேகம் ஏறுவதாகத் தெரிந்தால் உடனே முதலாவது முறைக்குத் திரும்புங்கள். ஒன்றில் மட்டும் ஓர் அடி, மற்ற ஐந்தும் வெறும் எண்ணிக்கை.

இன்னொரு விஷயம். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டைக் கேட்டுத்தான் நம்மில் பலருக்குக் கிட்டார் ஆசை வந்தது. எடுத்த எடுப்பிலே அதை வாசிக்கப் பார்த்து, வராமல், கிட்டாரை மூலையில் வைத்தவர்களை நான் அறிவேன். அதில் கேட்பது கம்பி கம்பியாக விரலால் மீட்டுவது. அது வேறு பாடம். முதலில் அடி, பிறகு மீட்டல்.

பாடுகிறவரோடு சேர்வது

பாடத் தொடங்கும் முன் பாட்டின் முதல் கோர்ட்டை ஒரு தரம் அடித்து ஒலிக்க விடுங்கள். பாடுகிறவர் அந்தச் சுருதியில் வாய்க்குள் முனகிப் பார்க்கட்டும். உயரம் போதவில்லை என்றால் கோர்ட்டை எல்லாம் மாற்ற வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, கழுத்தைச் சுற்றி இறப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டினால் எல்லாக் கம்பியும் இரண்டு கட்டம் உயரும். பிறகு பென்சிலில் இருந்து கட்டத்தை எண்ணி அதே ஈ மைனர் விரல்களைப் போடலாம். கடையில் விற்கும் கேப்போ செய்யும் வேலையும் இதுதான். பெண்பிள்ளைகளின் குரலுக்கு இது அநேகமாகத் தேவைப்படும்.

வரி முடிகிற இடத்தைக் கவனியுங்கள். பாடுகிறவர் கடைசி எழுத்தை இழுப்பார், பிறகு மூச்சு எடுப்பார். அந்த இடம் அவருடையது. அங்கே அலங்காரமாக அடி சேர்க்காதீர்கள். எண்ணிக்கையை மட்டும் மனதில் ஓடவிட்டு மெல்லிய கீழடி ஒன்று போட்டால் போதும். சிலர் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இரண்டு சுற்று விட்டுப் பாடுவார்கள், சிலர் உடனே எடுப்பார்கள். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் கிட்டாரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். மூச்சு எடுக்கும்போது தோள் கொஞ்சம் எழும்பும், அடுத்த ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம்.

கிட்டாரைப் பாதுகாக்கும் முறை பற்றிச் சுருக்கமாக. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் காம்பராச் சுவரே வியர்க்கும். இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அடித்து முடிந்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடையுங்கள். ஈரம் பிடிக்கும் என்று அடுப்புக்கு மேலே தொங்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் பலகை வளையும், ஒட்டு விடும். உள்சுவரில், ஈரமும் புகையும் படாத இடமாகப் பார்த்து மாட்டினால் போதும்.

அந்தப் பிள்ளையின் பாட்டைத் திரும்பவும் பதிந்தோம். இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. தம்பியைத் தொட்டிலில் போட்டு, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே பாடட்டும் என்று விட்டேன். நான் பென்சிலைக் கட்டி, தொட்டிலைப் பார்த்துக்கொண்டு, முதல் இரண்டு வரிக்கும் ஒன்றில் மட்டும் அடித்தேன். மூன்றாவது வரியில்தான் தொட்டில் நடையைச் சேர்த்தேன். பிள்ளைக்கு எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

பாட்டு முடியும்போது செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. கடைசிக் கோர்ட்டை ஆறாம் கம்பியில் இருந்து ஒவ்வொரு கம்பியாக, பெருவிரலால் ஆறுதலாகத் தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். கம்பியைப் பொத்தி நிறுத்தாதீர்கள். ஒலி தானாக அடங்கட்டும். அன்றைக்கு நான் அப்படி விட்டபோது, கிட்டார் அடங்கிய பிறகும் தொட்டில் கயிறு வளையில் உரசுகிற சத்தம் கொஞ்ச நேரம் பதிவில் கேட்டது. அதை வெட்டவா என்று கேட்டேன்.

"வேணாம் மாமா, அம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரியும்" என்றது.

அப்படியே அனுப்பினோம்.